எண்ணெயோடு பார்த்த அழுத்தம்

விமானக் கொட்டகையில் நான் பண்டாரவளை டவுன்காரன். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் என்று ஆறு வருடமாக ஒருத்தரிடமும் சொன்னதில்லை. மத்தியானச் சோற்றைத் தனியாகத்தான் தின்பேன். ஊர்ப் பேச்சு வந்தால் கை கழுவ எழுந்து போய்விடுவேன். வெட்கம்தான், வேறென்ன?

பறக்கப் பழகுகிறவர்களின் இரட்டை இன்ஜின் சிறு விமானங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. மேலே போய் ஒரு இன்ஜினை வேண்டுமென்றே நிறுத்திப் பழகுவார்கள். நிறுத்தியதும் அதன் விசிறித் தகடுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி நின்றுவிடும். அவற்றை மறுபடி திருப்பினால்தான் இன்ஜின் சுற்றும். அதற்கென்று அக்குமுலேட்டர் என்றொரு குப்பி இருக்கிறது. உள்ளே ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். நைட்ரஜன் தள்ளுகிற தள்ளில் எண்ணெய் பாய்ந்து தகடுகள் திரும்பும். நைட்ரஜன் குறைந்திருந்தால் அசையாது.

லீவில் கிளம்புமுன் கடைசியாக நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டது இடது இன்ஜின் குப்பிக்கு.

மறுநாள் மத்தியானம் தோட்டத்தில் அக்காவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போனேன். எனக்கென்று மிச்சமிருக்கிற ஒரே ஆள் அவள். காலை மழையில் கொழுந்தெல்லாம் நனைந்திருந்தது. கணக்கப்பிள்ளை ஈரத்துக்கென்று மூன்று கிலோ கழித்தார்.

"மூணா? நான் என்ன தண்ணியவா பறிச்சிட்டு வந்தேன்?" அக்கா சண்டைக்குப் போனாள்.

"தண்ணியோட நிறுத்தா தராசு கூடத்தானே காட்டும்? வெறுங்கொழுந்து எவ்வளவுன்னு பாக்க வேணாமா?" என்றார் கணக்கப்பிள்ளை.

எனக்கு அந்த இடது இன்ஜின் குப்பி கண்ணில் வந்தது. அழுத்தம் பார்க்குமுன் குப்பியிலிருந்து எண்ணெயை இறக்கிவிட வேண்டும். பஸ் பிடிக்கிற அவசரத்தில் நான் இறக்கவில்லை. முள் காட்டியது எண்ணெயும் சேர்ந்த அழுத்தம்; நைட்ரஜன் குறைந்திருந்தாலும் அதில் தெரிந்திருக்காது. அட மடையா! அந்த விமானம் இன்று பன்னிரண்டு மணிக்கு ஏறும், பாடமே இன்ஜினை நிறுத்துவதுதான்.

லயத்துப் பக்கம் சிக்னல் கிடையாது. சோற்றுப் பார்சலை அக்கா கையில் திணித்துவிட்டுக் சிக்னல் எட்டுகிற கோயில் வளைவுக்கு ஏறி ஓடினேன். தலைமை மெக்கானிக் போனை எடுத்தபோது விமானம் கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. சொன்னேன். "வை போனை, ரேடியோவுல சொல்றேன்," என்று சிங்களத்தில் கத்தினார்.

மதகில் உட்கார்ந்தேன். பனி இறங்கிப் பாதையை மூடியது. மேலே இருப்பது பயிற்சியாளரும் ஒரு பெண்ணும். போன வாரம் தன் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டை என் மேசைக்கே கொண்டுவந்து வைத்த பெண். விறகோடு வந்த ஒருவர் நின்றார். "என்ன தம்பி, பனியில குந்தியிருக்கீங்க?"

"சும்மாதாண்ணே."

அவரிடம் என்னத்தைச் சொல்ல? இங்கே அந்தக் குப்பியைத் தெரிந்தவர் இல்லை, அங்கே என்னைத் தெரிந்தவர் இல்லை. வாய்விட்டு அழலாம் போலிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது.

"ரெண்டு பேரும் எறங்கிட்டாங்க. நான் சொல்றதுக்குள்ள இன்ஜின நிறுத்திட்டாங்க, தகடு திரும்பவே இல்ல. விஷயம் தெரிஞ்சதால அதோட மல்லுக்கட்டாம ஒத்த இன்ஜின்லயே நேரா வந்துட்டாங்க. திங்கக்கிழமை வா, ஒனக்கு இருக்கு." மூச்சு வாங்கினார். "அது சரி, அங்க இருந்துகிட்டு எப்படிக் கண்டுபிடிச்ச?"

சும்மா ஞாபகம் வந்தது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கீழே பனி விலகிய இடத்தில் அக்கா ஈரச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறிக்கொண்டிருந்தாள்.

"எங்க அக்காவோட கொழுந்த நிறுத்தாங்க சேர். ஈரத்தக் கழிச்சாங்க. அப்பத்தான் ஒறைச்சிச்சு."

"கொழுந்தா? நீ பண்டாரவளை டவுன்னுதானே சொன்ன?"

"அதுவும் நான் செஞ்ச தப்புதான் சேர்," என்றேன்.