அம்மா வேடத்துக்கு ஒரே வசனம்

சொந்த மனைவியின் கனவு என்னவென்று ஒரு ஆலையே தெரிந்துகொண்ட பிறகு, கடைசி ஆளாகத் தெரிந்துகொண்ட மண்டு நான். அதுவும் நானே எழுதி, நானே நடித்த நாடகத்தில்!

போன வருடம் ஆயுத பூஜை அன்று எங்கள் ஊரான ராஜபாளையத்தில் நடந்தது இது. மனைவி அங்கே காயத்துக்குக் கட்டும் கட்டுத்துணி நெய்யும் ஆலையில் தறி ஓட்டுகிறாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பால்கோவா வாசனை மூக்கைத் துளைக்கும். துளைத்துத் துளைத்து மூளை வரை போய்விட்டது. மனைவியை வேலையை விடச் சொல்லி, குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே குடிபோய், பால்கோவா கடை போடுவதென்று முடிவெடுத்தேன். பால் காய்ச்சத் தெரியுமா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அடுப்பில் பாலைப் பொங்க விடுகிற ஆள் நான்தான்.

இந்தப் பேச்சை எடுத்தால் மனைவியும் ஏதோ சொல்வாள். அதற்குள் நான் கடைக்குப் பெயர் யோசிக்கப் போய்விடுவேன்.

பூஜை அன்று தொழிலாளர் குடும்பங்கள் ஆலையில் கலை நிகழ்ச்சி நடத்துவது வழக்கம். விடுவேனா? ஒரு குடும்பத்தின் கனவுகளைப் பற்றி நாடகம் எழுதினேன். அப்பாவின் கனவு, கடை. கல்லூரியில் படிக்கும் மகளின் கனவு, அந்தக் கடைச் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்புவது. அம்மாவுக்கு ஒரே வசனம்: "உங்க கனவுதாங்க என் கனவு." அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டால் பிறகு எப்படி மறுப்பாள்? வக்கீல் ஆபீஸ் புத்தி! அப்பாவாக நான், அம்மாவாக அவள், மகளாக மகள்.

நாடகத்தின் உச்சகட்டம். என் கனவைச் சொல்லி நிஜமாகவே அழுதேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எரிச்சலோடு திரும்பிப் பார்த்தேன். நான் எழுதிக்கொடுத்த வசனத்தை மனைவி அட்சரம் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கைகள் மட்டும் சும்மா இல்லை. நெஞ்சைத் தொட்டாள், தோளை இரண்டு முறை தட்டினாள், அண்டாவைக் கிண்டுவது போலச் சுழற்றி என்னைக் காட்டினாள். புதுச்சேலை அரிக்கிறது போல என்று நினைத்தேன்.

"யக்கா, இன்னொரு தடவ!" என்று முன்வரிசையில் ஒரு பெண் கத்தினாள்.

எனக்குத்தான் ஒன்ஸ்மோர் என்று, அழுகை உட்பட மொத்தத்தையும் மறுபடி நடித்தேன். மனைவியும் மறுபடி கையை ஆட்டினாள். விசில் பறந்தது.

கீழே இறங்கியதும் மகளைப் பிடித்தேன். "ஏட்டி, எதுக்கு இப்படிச் சிரிக்காக?"

"தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுல்லப்பா? ஷெட்டுல எல்லாரும் கையாலதான் பேசுவாக. தோளத் தட்டுனா சூப்பர்வைசர். 'நான் இந்த ஷெட்டுக்கு சூப்பர்வைசராகப் போறேன், அவரு தனியாப் போயி பாலைக் கிண்டட்டும்'னு அம்மா சொன்னாக. உங்களத் தவிர எல்லாருக்கும் புரிஞ்சுட்டு."

"நீயாவது எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"நாடகம் நல்லாப் போச்சுல்ல, அதக் கெடுப்பானேன்?"

கடை போடவில்லை. அவள் சூப்பர்வைசர் பயிற்சிக்குப் போகிறாள். நான் வழக்கம்போல பஸ்ஸில் போகிறேன். பால்கோவா வாசனை வந்தால் இப்போது கடை ஞாபகம் வருவதில்லை. அன்று வீடு திரும்பும் வழியில் நான் கேட்ட கேள்வியும், அவள் சொன்ன பதிலும்தான் வருகின்றன. அவள் பேசும்போது நான் வேறெதையும் யோசிக்காமல் இருப்பதற்கு அந்தப் பதில்தான் காரணம்.

"மானத்த வாங்கிட்டியே! ஊருக்கே கையால சொன்னத எங்கிட்ட வாயால சொல்லியிருந்தா என்ன?" என்று எகிறினேன்.

அவள் நடையை நிறுத்தாமலே சொன்னாள்:

"இம்புட்டு நாளும் வாயாலதான சொன்னேன்."