நம்ம காலேஜ் ஆள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் எனக்குப் பணியாளர் அதிகாரி வேலை. தகடுகளை வெட்டி, அழுத்தி, வளைத்து ஸ்கூட்டர்களுக்கு உதிரி பாகம் செய்கிற இடம். அங்கே நுழைய நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முதலாளி நகரத்தில் பாதிரிமார்கள் நடத்திய கல்லூரியில் படித்தவர். பல வருடம் கழித்து நானும் அங்கேதான் படித்தேன். நேர்காணலில் அவர் என் சான்றிதழ்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"கேன்டீன்ல இன்னும் அதே கல் வடைதானா?" என்று கேட்டார்.

"அதே வடைதான் சார்" என்றேன்.

"திங்கட்கிழமை வந்து ஜாயின் பண்ணு."

வெளியே நாற்காலிகளில் காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். பெருங்களத்தூரில் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அப்பா கண் கலங்கினார். எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போய் இருட்டும் வரை நடந்துகொண்டிருந்தேன். நல்லது நடந்த நாளில் ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்கே புரியவில்லை.

கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒரு மீனவக் குடும்பத்துப் பையன். அவன் அம்மா கடற்கரை கிராமத்திலிருந்து கூடை சுமந்து வந்து தெருத்தெருவாக மீன் விற்றார். அவர்கள் இந்துக்கள். ஆனாலும் ஒரு பாதிரியார்தான் அவனை ஹாஸ்டலில் சேர்த்து, சட்டையிலிருந்து அகராதி வரை வாங்கிக் கொடுத்தார். எங்களைப் பல்லாவரம் பக்கம் கல்குவாரிகளுக்கு அழைத்துப்போய், கல் உடைப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வைத்தவரும் அவரே. எனக்கு அது சனிக்கிழமை மாலைகளைத் தின்ற ஒரு வேலை. அவனுக்கு அதுவே வாழ்க்கையாகிவிட்டது. சட்டம் படித்தான், தொழிலாளர் வழக்குகளை மட்டும் எடுத்தான், கோவிலம்பாக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டின் முன்னறையை ஆபீஸாக்கிக்கொண்டான்.

நான் சேர்ந்த மறுவருடம் எங்கள் தொழிற்சாலையில் சங்கம் வைத்தார்கள். அதை முன்னின்று நடத்திய மூன்று பேரை முதலாளி வேலையை விட்டு எடுத்தார். மற்றவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். அவர் ஆபீஸ்காரர்களைத் தவிர எல்லாருக்கும் கேட்டைப் பூட்டினார். தினமும் மொபெட்டை அவர்கள் நடுவே உருட்டிக்கொண்டுதான் நான் உள்ளே போக வேண்டும். யாரும் திட்டவில்லை. வழிவிட்டார்கள், அவ்வளவுதான். உள்ளே ஒரு மெஷினும் ஓடாத கொட்டகையில் வேலையே இல்லாமல் மேஜைக்கும் ஜன்னலுக்குமாக நடப்பேன்.

அவர்கள் வைத்துக்கொண்ட வக்கீல் என் நண்பன்தான். அதைச் சொன்னதும் முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம காலேஜ் ஆளா? அப்ப முடிஞ்சுது போ. கூட்டிட்டு வா, பேசிடலாம்."

அவன் தனியாக வரவில்லை. வேலை போன மூவரில் ஒருவரை, சங்கத்தை ஆரம்பித்தவரை, கூட அழைத்து வந்தான். அவர் அனகாபுத்தூர்க்காரர், தகடு அழுத்தும் பிரஸ்ஸின் ஆபரேட்டர். எதற்கும் சட்டென்று கோபம் வரும். ஒருமுறை சூப்பர்வைசரை அடிக்கவே போய்விட்டார்.

முதலாளி எழுந்து நின்று என் நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். எந்த வருடம், எந்த ஹாஸ்டல் என்று ஆரம்பித்தார். அந்தப் பாதிரியார் அவருக்கும் பாடம் எடுத்தவராம். அவர் சாக்பீஸை எறிகிற விதத்தை முதலாளி நடித்துக் காட்டினார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேச்சு தானாகவே ஆங்கிலத்துக்குப் போயிற்று. டீ வந்தது. நாங்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஆபரேட்டர் டீயைத் தொடாமல் எழுந்தார்.

"நீங்க பேசிகினு இருங்க சார். நான் வெளிய கீறேன்."

"உக்காருங்கண்ணா, இப்பத்தான் விஷயத்துக்கு வரோம்" என்றான் நண்பன்.

"வந்துட்டீங்க சார். நல்லாவே வந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நண்பன் உடனே குரலை மாற்றினான். மூன்று பேரையும் திரும்ப எடுக்காமல் எந்தப் பேச்சும் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். முதலாளி அசந்துபோனார். வாசலில் இருந்தவர்களுக்கு அது கேட்டிருக்க வழியில்லை. கேட்டதெல்லாம் சிரிப்புச் சத்தம்தான். அன்று மாலையே அவர்கள் அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பொங்கலுக்கு முந்தைய நாட்கள் அவை. பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஊருக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு ஜிஎஸ்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவன் என்னைத் தேடி அங்கே வந்தான். ஓரிடத்தில் நின்று பேச முடியாமல் கூட்டத்தை இடித்துக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தோம்.

"உன் அம்மா என்ன பண்ணாங்கன்னு அந்த ஆபரேட்டர்கிட்ட சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"எங்கம்மா மீன் வித்தாங்கன்னு போய் சர்டிபிகேட் காட்டச் சொல்றியா மச்சான்? அவரு பார்த்தது பொய்யில்லையே. நான் சிரிச்சேன்ல? எனக்கு அது நல்லாத்தானே இருந்துச்சு?"

அவன் கோபம் ஆபரேட்டர் மேலா, முதலாளி மேலா, தன் மேலேயேவா என்று எனக்குத் தெரியவில்லை. வந்த பஸ்ஸில் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிப் போய்விட்டான்.

தொழிலாளர்கள் வேறொரு வக்கீலைப் பிடித்தார்கள். அவர் அரசியல் கட்சி ஆள், மேஜையைத் தட்டிப் பேசுவார். கொஞ்ச நாளில் ஒரு சமரசம் வந்தது. கேட் திறந்தது. நீக்கப்பட்டவர்களில் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஆபரேட்டரை மட்டும் விட்டுவிட்டார்கள். மெஷின்கள் மறுபடி ஓடின. நான் கண்ணாடி வழியாக அவருடைய பிரஸ்ஸில் வேறு ஆள் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு ஒருநாள் அவர் கோவிலம்பாக்கத்துக்கே போயிருக்கிறார். நண்பன்தான் சொன்னான். மன்னிப்பு, வருத்தம், அந்தப் பேச்சே கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடி, "என் கேஸ மட்டும் நீ பாரு சார். அந்தக் கட்சி வக்கீலு சும்மா பேஜார் பண்றான்" என்றாராம்.

"நீ என்ன சொன்னே?"

"உள்ள வந்து உக்காருண்ணான்னேன்."

வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஆபரேட்டர் பம்மலில் ஒரு வெல்டிங் பட்டறையில் காலம் தள்ளினார். நான் நிர்வாகத்தின் சார்பில் கோர்ட்டுக்குப் போவேன். நண்பன் எதிர்த்தரப்பில் நிற்பான். வெளியே வந்து ஒன்றாக டீ குடிப்போம். ஆனால் ஆபரேட்டர் வந்திருந்தால் நான் டீக்கடைப் பக்கமே போக மாட்டேன். கடைசியில் அவன் ஜெயித்தான். ஆபரேட்டரை வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தீர்ப்பு.

முதலாளி குதிப்பார் என்று நினைத்தேன். அவர் குதிக்கவில்லை. அந்த வருடம் கல்லூரியின் முன்னாள் மாணவர் சந்திப்பில் எங்கள் இருவரையும் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு மேடை ஏறி மைக்கைப் பிடித்து, "நான் யாருகிட்டயும் தோத்ததில்ல. என்னைத் தோற்கடிச்சவனும் நம்ம காலேஜ் பையன்தான்!" என்றார். அரங்கமே எழுந்து கைதட்டியது. முன்வரிசையில் அதிகாரிகள், டாக்டர்கள், ஒரு நீதிபதி, வயதான இரண்டு பாதிரியார்கள். நண்பனை எழுப்பி நிற்க வைத்தார்கள். அவன் இரண்டு கையையும் கூப்பினான். ஒரு பக்கம் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இன்னொரு பக்கம் அவன் கண்கள் வெளியேறும் கதவைத் தேடிக்கொண்டிருந்தன.

தாம்பரம் ரயிலில் திரும்பினோம். பல்லாவரத்தில் இறங்கும்போது அவன், "அந்த ஃபாதர் உயிரோட இருந்து அங்க உக்காந்திருந்தா, கைதட்டியிருப்பாராடா?" என்று கேட்டான். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. தாம்பரம் வரை நான் நின்றுகொண்டே வந்தேன், சீட் காலியாக இருந்தும்.

மறுநாள் காலை ஆபரேட்டர் வேலைக்கு வந்தபோது நான் வாசலில் இருந்தேன். தலை லேசாக நரைத்திருந்தது. புதுச் சீருடை தோளில் தொளதொளவென்று கிடந்தது.

"நேத்து உங்க காலேஜ்ல ஃபங்ஷனாமே? வக்கீல் சார் சொன்னாரு."

"ஆமாங்க."

"என் கேஸப் பத்தி பேசுனாங்களா?"

"பேசினாங்க."

"என் பேரு சொன்னாங்களா சார்?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிரஸ் ஷாப் பக்கம் நடந்தார். அங்கே ஏற்கெனவே சைரன் ஊதிவிட்டது.