அப்புசாமி சுட்ட நேர்த்திச் சேவல்

அன்றைக்குத் திருப்பூரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. ஆள் படுத்தால்தான் அது வீட்டுக்குள் நுழையும். அதனால் ஊருக்குள் ஒரு நல்ல விஷக்காய்ச்சல் வந்தால் ரொட்டிக்கடை மாஸ்டர் அப்புசாமி உள்ளுக்குள் சாமிக்கு நன்றி சொல்லிக்கொள்வார், வெளியில் உச்சுக்கொட்டுவார்.

அவர் அடுப்பில் வெந்த எதையும் அவர் மனைவி மருதாள் வாயில் வைத்ததே இல்லை. பன்னை நீட்டினால், "எனக்கென்னுங்க காய்ச்சலா?" என்பாள். தேங்காய் பிஸ்கட்டுக்கும் அதே கேள்விதான். ஊரே தின்கிற கைப்பண்டத்தைக் கட்டினவள் தொடாதது அப்புசாமிக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில், மாம்பழக் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவருக்கு யோசனை வந்தது. சின்ன வயதில் குன்னூர் பங்களாவில் எடுபிடியாக இருந்தபோது பார்த்த துரை வீட்டு அடுப்பில் சுட்ட கோழி! எந்த வைத்தியரும் காய்ச்சலுக்குக் கோழி எழுதிக்கொடுத்ததில்லையே.

மருதாள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் மேய்ந்த வீட்டுக் கோழிகளில் கொழுத்த சேவலைப் பிடித்தார். காலில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. பனியன் கம்பெனிக் கழிவு சந்தெல்லாம் கிடக்கிற ஊரில் எந்தக் கோழியின் காலில்தான் நூல் இல்லை? நூலை அறுத்துக் குப்பையில் எறிந்தார்.

துண்டுகளைத் தயிரிலும் பூண்டிலும் ஊறவைத்து, முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டி, நெய் தெளித்து, வீட்டை ஒட்டிய கடையில் ரொட்டி இறக்கிய செங்கல் அடுப்பின் மிச்சச் சூட்டில் தட்டோடு தள்ளினார். மாம்பழச் சாற்றில் வெல்லமும் மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சினார். வாசம் தெருவரை அடித்தது.

வீடு திரும்பிய மருதாள் தட்டைப் பார்க்கவில்லை. குப்பையில் கிடந்த நூலைப் பார்த்தாள்.

"அடக் கடவுளே! கருப்பராயனுக்கு நேந்து உட்ட சேவலுங்க அது!"

"எதுக்குப் புள்ள நேந்தே?"

"போன ஐப்பசில உங்க கை அடுப்புல வெந்துச்சே, அது கொணமாகோணும்னுதான்."

அப்புசாமி குணமான கையைப் பார்த்தார். சேவலின் கழுத்தைத் திருகியதும் அதே கைதான்.

"நாயிக்குப் போடுங்க," என்றாள்.

"இரு புள்ள. சாமிய ஒரு வார்த்த கேக்காமயா? அவரும் எத்தன காலத்துக்குப் பச்ச ரத்தமே குடிப்பாரு? பூக் கேட்டுப் பாப்போம்."

தட்டும் மாம்பழச் சாறுமாக நொய்யல் ஆற்றங்கரைக் கருப்பராயன் முன்னால் போய் நின்றார்கள். ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு என்று பேச்சு. வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், பிரசாதமாகத் தின்னலாம். சிவப்பு என்றால் நாய்க்கு யோகம். பொட்டலம் மடித்தது அப்புசாமிதான்.

மருதாள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை. அப்புசாமி கொஞ்சம் அவசரமாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவள் கை அடுத்த பொட்டலத்துக்குப் போனது.

"அது எதுக்கு? அதான் வந்திருச்சே..."

பிரித்தாள். அதிலும் வெள்ளை.

கருப்பராயன் அரிவாளோடு முறைத்தார். மருதாள் அரிவாள் இல்லாமல் முறைத்தாள்.

"சாமிகிட்டயே களவாணித்தனமா? இன்னொரு கையும் வேகோணுங்களா?"

"என்ற கையால சுட்டதுல ஒண்ணாச்சும் நீ தின்னு பாக்கோணும்னு இருந்துச்சு புள்ள," என்றார். தலை நிமிரவில்லை.

மருதாள் இரண்டு பூவையும் சாமி காலடியில் வைத்தாள். பிறகு சாமியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"கருப்பராயா, உனக்கு அடுத்த ஞாயித்துக்கெழம வேற சேவல், உசுரோட. இது இந்த மனுசன் எனக்கு நேந்தது."

ஒரு கால் துண்டை மாம்பழச் சாற்றில் தோய்த்துக் கடித்தாள். அப்பளம்போல நொறுங்கியது. எலும்பைச் சுத்தமாகச் சப்பிவிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்குக் காய்ச்சல் வர்றாப்பல இருக்குதுங்க. இன்னொன்னு குடுங்க."