கேசட்டின் மறுபுறம்

எங்கள் கணினி வகுப்பில் பதினான்கு பேர் இருக்கிறோம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். எங்களில் ஒரே கோப்பை நான்கு முறை சேமிப்பவன் நான் ஒருவன்தான். "சார், ஒருக்கா அமுக்குனா போதும். அது எங்கயும் ஓடிப் போவாது" என்று பாடம் சொல்லித் தரும் பெண் தினமும் சொல்கிறாள். எனக்கு நம்பிக்கை வருவதில்லை. பாதிச் சோற்றில் கையை நிறுத்தி, சேமித்தேனா இல்லையா என்று யோசித்த நாட்களும் உண்டு.

வகுப்பு முடியும் வாரத்தில் எல்லோரும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றாள். என்னென்ன கருவிகளைக் கற்றீர்கள், அவற்றால் தொழில் வழியில் யாருடைய தொடர்பெல்லாம் கிடைத்தது என்று எழுத வேண்டுமாம். தாளில் நடுவே கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். கருவிகள் ஒன்பது. தொடர்புகள் மூன்று, அதில் இரண்டு பேர் என் பெஞ்சிலேயே உட்காருகிறவர்கள். அணையில் முப்பத்திரண்டு வருடம் நீர்மட்டம் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தவனுக்கு இனித் தொழில் தொடர்பு எதற்கு என்று எரிச்சலாகவும் இருந்தது. பிறகுதான், நான் முதன்முதலில் கற்ற கருவி இந்த ஒன்பதில் சேரவில்லை என்பது உறைத்தது. அதனால் கிடைத்த தொடர்பும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. வீடு தேங்காய்ப்பட்டணத்தில். வளைகுடா நாடுகள் அத்தனையையும் எங்கள் ஊரில் பெர்சியா என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, பெர்சியாவில் இருந்தார். அவர் ஒரு டேப் ரெக்கார்டர் கொடுத்தனுப்பியிருந்தார். அதற்கு ஆறு கட்டைகள். ஐந்தைத் தனித்தனியே அமுக்கலாம். சிவப்புப் புள்ளி வைத்த ஆறாவதை, பாட வைக்கும் கட்டையோடு சேர்த்து அமுக்கினால்தான் குரல் பதியும். எங்கள் தெருவில் ஐந்து வீட்டு ஆண்கள் பெர்சியாவில் இருந்தார்கள். மெஷின் ஒன்று. அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன். பெண்கள் அதைத் தொடவே பயந்தார்கள். "எஞ்சினீயரே" என்று கூப்பிட்டு முறுக்கு கொடுப்பார்கள்.

அந்த நாளில் கேசட்தான் கடிதம். அதைத் தபாலில் அனுப்ப மாட்டார்கள். லீவில் வருகிறவர் பெட்டியில் கொண்டு வருவார். வீட்டார் கூடியிருந்து கேட்பார்கள். அவர் திரும்பிப் போவதற்குள், அதே கேசட்டில், வந்த பேச்சின் மேலேயே பதில் பேசிக் கொடுத்துவிட வேண்டும். புதுக் குரல் ஏற ஏறப் பழைய குரல் அழியும். அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி அடுத்த வேளைக்கு வைப்பதுபோலத்தான் அதுவும்.

அப்பா இரும்பு கடையும் லேத் வேலைக்காரர். அவர் வேலை பார்த்த பட்டறையை மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை நாகர்கோவிலுக்குப் போய், கிடைத்த பட்டறையில் தினக்கூலிக்கு நின்றுவிட்டுச் சனிக்கிழமை வருவார். வேலை கிடைக்காத வாரங்களில் புதன்கிழமையே வந்துவிடுவார். அந்த வாரங்களில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. மாமாவிடம் அம்மா மூன்று கேசட்டுகளில் கெஞ்சியிருந்தாள். மூன்றையும் பதிவு செய்தவன் நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாமாவின் பதில் வந்தது. கொண்டு வந்தவர், அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த வெல்டர் காக்கா. அடுத்த தெருக்காரர்; முஸ்லிம் வீட்டு அண்ணன்களை எங்கள் ஊரில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் வீட்டு முன்னறையில் பத்தொன்பது பேர் உட்கார்ந்து கேட்டோம். மாமா இருபத்தேழு நிமிடம் பேசினார், மாட்டைக்கூட விசாரித்தார். முடிக்கும்போது, "மத்த காரியத்த மறுபுறத்துல அத்தானுக்குப் பேசியிருக்கேன், அவரு மட்டும் கேட்டாப் போதும்" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "வேலைக் காரியம்தான். வேற என்ன இருக்கு?" என்றாள். அப்பா வரும்வரை மறுபுறத்தைத் தொடக் கூடாது என்று எனக்குக் கட்டளை. பொழுது அடைவதற்குள், அப்பாவுக்குப் பெர்சியாவில் வேலை என்பது தெருவின் பதினேழு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு பேர் வந்து வாழ்த்திவிட்டும் போனார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். அத்தையின் கணவரும் பெர்சியாவில்தான்; அவருக்கு நாலு வார்த்தை பேசி அனுப்ப வேண்டும். நாங்கள் கேட்டு முடித்த முதல் புறத்தில் பதிந்துகொள்ளலாம் என்று அம்மா சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். எனக்குத் தூசியைப் பற்றி அப்போதே கவலை அதிகம். கேசட்டை வெளியே எடுத்து, ஊதித் துடைத்துத் திரும்பப் போட்டேன். நிறைந்த சுருள் இடதுபக்கம் இருந்தால் அது தொடக்கம் என்பது என் விதி. விதி சரிதான். ஆனால் கடைசிவரை ஓடி நின்ற கேசட்டில், நிறைந்த சுருளை இடதுபக்கம் வைத்தால் வருவது மறுபுறம். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. இரண்டு கட்டைகளையும் சேர்த்து அமுக்கினேன்.

"மக்கா, மெசினு கேக்குமா?" என்றாள் அத்தை.

"இப்பவே கேட்டுட்டுதான் இருக்கு அத்தே. பேசுங்க."

அத்தை முந்தானையைச் சரிசெய்தாள். "ஏங்க, நான்தான்" என்றாள். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. "இஞ்ச எல்லாவருக்கும் சுகம். ஆடு குட்டி போட்டுது" என்றாள். மறுபடியும் ஒன்றுமில்லை. கடைசியில் தன் மகனை இழுத்து உட்காரவைத்து ஏழாம் வாய்ப்பாடு சொல்ல வைத்தாள். மொத்தம் எட்டு நிமிடம். அதில் காகம் ஒன்பது தடவை கத்தியது.

அவரவர் பேசியதை அவரவருக்குப் போட்டுக் காட்டுவது வழக்கம். சுற்றிப் போட்டேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாய்ப்பாடு முடிந்ததும் 'டக்' என்றது. அதன் பின்னால் மாமாவின் குரல் வந்தது.

"அக்காகிட்ட இப்பம் சொல்லாண்டாம் அத்தான். நீங்க மனசு விட்டுராதீங்க. வச்சிரட்டா."

அவ்வளவுதான். அதற்கப்புறம் வெறும் இரைச்சல்.

அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏலே, பாவி! மறுபுறத்தையா அழிச்ச? வேலைக் காரியமெல்லாம் அதுலயில்லா இருந்துது!"

எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று மாமா சொல்லியிருப்பார். அது முழுவதும் போய்விட்டது. தூரதேசம் போகப் பயப்படக் கூடாதே என்பதற்காகத்தான் மனசு விட்டுராதீங்க என்று தைரியம் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

"கரையாத. கண்ணத் தொடச்சிட்டு, கொண்டு வந்த காக்காகிட்ட போய்க் கேளு. அவங்க எல்லாம் ஒரே ரூமுதானே" என்று அத்தைதான் வழி சொன்னாள். அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்றும் சத்தியம் செய்தாள்.

காக்கா வீட்டு கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். "எஞ்சினீயரே, நல்ல காரியம் செஞ்ச போ!"

"மாமா பேசும்போ நீங்க அங்க இருந்தியளா?"

"இல்லாம எங்க போவ? ஒரு ரூமு, எட்டுக் கட்டிலு. ஒருத்தன் வீட்டுக்குப் பேசுனா மத்த ஏழு பேரும் இருமக்கூட ஒக்காது. உனக்க மாமன் பேசுனது அவ்வளவும் கேட்டேன்." சொல்லும்போதே சிரிப்பு குறைந்தது. "ஆமா, வீட்ல அம்மா என்ன சொன்னா?"

"அப்பாவுக்கு வேலை ஆயாச்சுன்னு சொன்னா. தெரு முழுக்கச் சொல்லியாச்சு."

"முழுக்கவா?"

"பதினேழு வீடு."

அவர் பிரஷைப் பெயிண்ட் டப்பாவுக்குள் விட்டு நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தார். "நாளைக்கு மெசினத் தூக்கிட்டு வா. பேடிக்காத மக்கா. நான் இருக்கேன்லா" என்றார்.

மறுநாள் மாலை மெஷினைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். காக்காவின் தம்பி எங்கள் இருவருக்கும் கருப்பட்டிக் காப்பி கொண்டு வந்து வைத்தார். அவரும் லேத் வேலைக்காரர்தான். அப்பா இருந்த அதே பட்டறையில் இருந்தவர், அப்பாவைப் போலவே சும்மா இருந்தார். அவர் போகும்வரை காக்கா வாயைத் திறக்கவில்லை. "கதவச் சாத்து" என்றார். சாத்தினேன். கேசட்டின் முதல் புறம்தானா என்று மூன்று முறை சரிபார்த்து, சிவப்புக் கட்டையை அமுக்கினேன்.

"அண்ணே, நான்தான். எனக்க பெட்டியில தண்ணி பட்டு மறுபுறம் கெட்டுப்போச்சு. தப்பு எனக்கது. உங்க மச்சினன் பேசுனத நான் பக்கத்துல இருந்து கேட்டதுனால சொல்லுதேன். அவன் என்ன சொன்னான்னா…"

அங்கே நிறுத்திவிட்டார். கதவைப் பார்த்தார். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். பாவம், மாமா சொன்னதை நினைவுபடுத்திப் பார்க்கிறார் என்று நினைத்தேன். டேப் வீணாகிறதே என்ற பதைப்பில் என் விரல் நிறுத்தும் கட்டையின் மேலேயே இருந்தது. நாற்பத்தொன்று எண்ணியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். பம்பாயில் இந்த இடத்துக்குப் போக வேண்டும். இந்தப் பெயருள்ள மேஸ்திரியைப் பார்க்க வேண்டும். அவர் ஒரு பீஸ் கடைந்து காட்டச் சொல்வார். கடைந்து காட்ட வேண்டும். "எனக்க பேரச் சொல்லுங்க. மத்தத அவரு பாத்துக்கிடுவாரு." பேசி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை அப்பா நின்றுகொண்டே கேட்டார். மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு என்னிடம், "காக்கா பேசும்போ அங்க வேற யாரு இருந்தா?" என்றார்.

"தம்பிக்காரரு காப்பி கொண்டு வந்தாரு. அவரு போன பெறவு, கதவச் சாத்திட்டுதான் பேசுனாங்க."

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். திரும்பி வந்து கேசட்டை மெஷினிலிருந்து எடுத்து, தன் சர்ட்டிபிகேட் வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். பதில் பேசப் புதுக் கேசட் வாங்கினார்கள். பக்கத்து வீட்டு அத்தையின் ஆட்டுக்குட்டியும் வாய்ப்பாடும் அதில்தான் போயின. இருக்கிற கேசட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் புதிது வாங்குவது என்ன கணக்கு என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அப்பா பம்பாய் போனார். கடைந்து காட்டினார். பதினான்கு வருடம் பெர்சியாவில் இருந்தார். நானும் இரண்டு தங்கைகளும் படித்தது அதில்தான்.

எனக்கு அணையில் வேலை கிடைத்த வாரம், ஊரோடு திரும்பிவிட்ட மாமா வீட்டுக்கு வந்திருந்தார். இனி யாரும் அடிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், கேசட்டை அழித்தவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நல்ல காலம் அழிச்ச. வேலை இல்லன்னுலா நான் அதுல பேசியிருந்தேன். போர்மேன்கிட்ட மூணு தடவை கேட்டும் பலிக்கல. ஊர்லயே பாருங்க, என்ன நம்பாண்டாம்னு சொல்லியிருந்தேன்."

"அப்போ அந்த பம்பாய் மேஸ்திரி?"

"வெல்டர் காக்காவுக்க பழைய மேஸ்திரி. தம்பிக்காகப் பேசி வச்சிருந்த ஆளு. ஒரே ஒரு எடம் இருந்துது."

தம்பி பெர்சியா போக இன்னும் இரண்டரை வருடம் ஆனது என்பது நான் பின்னால் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

லீவில் வந்த காக்காவைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமா சொன்னதைச் சொன்னேன். எட்டுக் கட்டில் அறையில் கேட்டதையெல்லாம் நினைவில் வைத்திருந்த மனிதர், "அப்பிடியா? எனக்கு ஒண்ணும் ஓர்மையில்லியே மக்கா" என்றார். காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். தம்பிதான் கொண்டு வந்து வைத்தார்.

போன வாரம், அப்பாவின் தகரப் பெட்டியில் கிடந்த அந்தக் கேசட்டை வகுப்புக்குக் கொண்டு போனேன். பழைய மெஷினைக் கணினியோடு இணைக்கும் ஒயருக்காக அந்தப் பெண் நான்கு கடை ஏறி இறங்கியிருக்கிறாள். அதற்கு அவளுக்கு நான் என்ன சொல்வது? இந்தக் கட்டுரையையாவது ஒழுங்காக எழுதிக் கொடுக்க வேண்டும். குரல் திரையில் மலையும் பள்ளமுமாக வந்தது. ஒலிக்கோப்பைத் திருத்துவது என் பத்தாவது கருவி. "அவன் என்ன சொன்னான்னா" என்றதற்குப் பிறகு நேராக ஒரு கோடு ஓடியது. முப்பத்தேழு விநாடி என்றது கணினி. பதற்றத்தில் வேகமாக எண்ணியிருக்கிறேன்.

"சார், இந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. வெட்டிரட்டா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

வேண்டாம் என்றேன். பதினொரு வயதில் மெஷின் பக்கத்தில், நிறுத்தும் கட்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். பெரியவர்களுக்குத்தான் எவ்வளவு மறதி என்று காக்காவுக்காக வருத்தமும் பட்டேன்.