அப்பா கேட்ட வெள்ளை வெளிச்சம்

அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியபோது, பழி முதலில் விழுந்தது கார் மீட்டருக்குள் இருந்த விளக்கின் மேல்தான்.

கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் தராசு முள்ளை எட்ட நின்றே படித்துவிடுவார் என்று பெயர். தண்ணீர் கலந்த பாலை வாளியைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்றும் சொல்வார்கள். அப்படிப்பட்ட கண்ணில் கோளாறு வரும் என்று அவர் நினைக்கவில்லை. அதை அவரிடம் சொல்லும் தைரியம் எங்களுக்கும் இல்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தோட்டத்து வீட்டை விட்டு, பக்கத்திலேயே ஒரு தாமான் குடியிருப்பில் வீடு எடுத்திருந்தோம். ஓய்வு பெற்ற கையோடு பழைய ஜப்பான் கார் ஒன்றை அப்பா வாங்கியிருந்தார்.

"இந்த லைட்டு சரியில்ல. ஊசி எங்க நிக்குதுன்னே தெரியல. மட்டமான பல்பு போட்டு ஏமாத்திட்டான்" என்பார், பொழுது சாய்ந்து காரை எடுக்கும்போதெல்லாம்.

அம்மா ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "எதுக்கும் ஒரு தடவ கண்ணக் காட்டிட்டு வந்துரலாங்க."

அப்பா காரை ஓரம் கட்டினார். தோட்டத்து முச்சந்தியில் இருந்த பெரிய பலகையைக் காட்டி, அதில் இருந்ததை நிறுத்தி நிதானமாக வாசித்தார். தோட்டம் கைமாறி, பலகையில் புதுக் கம்பெனியின் பெயரை எழுதிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அப்பா வாசித்தது பழைய பெயரை.

"இப்ப சொல்லு. கண்ணு எப்படி?"

"நல்லா இருக்குங்க" என்றார் அம்மா. பின்சீட்டில் இருந்த நான் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் கணவர், என் அத்தான், மந்தின் டவுனில் காருக்கு ரேடியோ பூட்டும் கடை வைத்திருந்தார். அப்பா காரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார். அத்தான் மீட்டரைக் கழற்றிப் புது பல்புகள் போட்டார். ஒரு வாரம் அப்பா திருப்தியாக இருந்தார். அதற்கப்புறம் புது பல்பும் மங்கிவிட்டது என்று திரும்பப் போனார்.

அப்போதுதான் பையன்கள் மீட்டருக்குள் எல்.இ.டி. போடும் பழக்கம் பரவிக்கொண்டிருந்தது. அத்தான் முதலில் சிவப்பு போட்டார். "சீனர் கடை சாமி மாடம் மாதிரி இருக்கு. நான் என்ன ஊதுபத்தியா கொளுத்தப் போறேன்?" என்று அப்பா கழற்றச் சொன்னார். அடுத்து பச்சை. அதில் இரண்டை அத்தான் அவசரத்தில் மாற்றிப் பூட்டிவிட்டார். எல்.இ.டி.யைத் தலைகீழாகப் பூட்டினால் எரியாது. பாதி மீட்டர் இருட்டாகக் கிடந்தது. அப்பாவுக்கு அன்று பரம சந்தோஷம். "பாத்தியா? லைட்டுலதான் கோளாறுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தான் சரியாகப் பூட்டிக் கொடுத்த பிறகு பச்சையும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"கலரெல்லாம் வேணாம். எனக்கு வெள்ளை போடு. ஆபீஸ் லைட்டு மாதிரி."

"வெள்ளை நம்ம பக்கம் இன்னும் வரல லா மாமா. கோலாலம்பூர்ல கேட்டுப் பாக்குறேன்."

அங்கே ஜாலான் பாசார் கடைகளில் அலைந்து அத்தான் கொண்டுவந்தது நீலம். அதுவே அப்போது புதுசு. ஒரு சாயங்காலம் நாங்கள் எல்லாரும் கடையில் இருக்கும்போது பூட்டி முடித்து, சாவியைத் திருப்பினார். மீட்டர், கடிகாரம், ரேடியோ எல்லாம் நீலமாக எரிந்தன. அத்தான் பேச்சை மெதுவாகத் தொடங்கினார்.

"மாமா, வெள்ளை கிடைக்கல. அதனால இப்போதைக்கு..."

அப்பா குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "இதான்யா வெள்ளை. இத மொதல்லயே போட்டிருக்கலாம் இல்ல?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணால் ஜாடை காட்டினார். அத்தான் திருப்புளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"ஆமா மாமா. நல்ல வெள்ளை."

அப்படித்தான் அந்த நீலம் எங்கள் குடும்பத்தில் வெள்ளையானது.

இதில் சங்கடம் என்னவென்றால், கோயில் கமிட்டிக் கூட்டத்தில் அப்பா கொஞ்ச நாள் முன்புதான் இளைஞர்களை நிற்க வைத்துத் திட்டியிருந்தார். காருக்கு அடியில் கலர் விளக்கு கட்டிக்கொண்டு கோயிலுக்கு வருகிறார்களாம். "அது காரா, தேரா?" என்று கேட்டிருந்தார். இப்போது அவரே வெள்ளிக்கிழமை சாயங்காலம், நரைத்த தலையும் வெள்ளைச் சட்டையும் நீலமாக மின்ன, கோயில் வாசலில் வந்து இறங்கினார். பையன்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். அந்த மரியாதை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பது எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை. திட்டியது வேலை செய்கிறது என்று நினைத்தார்.

வாராவாரம் அவரோடு காரில் வருவது ஒரு மண்டோர். அதே தோட்டத்தில் அப்பாவுக்குக் கீழே ஆட்களை வேலை வாங்கியவர், கமிட்டிப் பொருளாளர். அவர் மட்டும் அந்த விளக்கைப் பற்றி வாயே திறந்ததில்லை. எவ்வளவு பெரிய மனசு என்று அம்மாவும் நானும் பேசிக்கொள்வோம்.

பயமும் இருந்தது. அப்பா மெதுவாகத்தான் ஓட்டினார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால், "இந்தக் காலத்து ஆளுங்களுக்குப் பொறுமையே இல்ல" என்பார். அம்மா தன்னால் ஆனதைச் செய்தார். பொழுது சாயும் நேரமாகப் பார்த்து முழங்கால் வலிக்கிறது என்பார், விருந்தாளி வருகிறார்கள் என்பார், காரை வெளியே எடுக்காமல் ஏதாவது சொல்லி நிறுத்துவார். கோயிலை மட்டும் நிறுத்த முடியவில்லை.

பிறகு மண்டோர் சில வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண்புரை எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அவர் மறுபடி வந்த வெள்ளிக்கிழமை, நானும் காரில் இருந்தேன். அப்பா விளக்கைப் போட்டார். மண்டோர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிராணி ஐயா, லைட்ட மாத்திட்டீங்களா?"

"இல்லையே. அதே வெள்ளைதான்."

"வெள்ளையா? நீலமால்ல இருக்கு."

"உனக்கு ஆபரேஷன்ல எதையோ மாத்தி வச்சிட்டானுங்க."

"இல்லைங்க ஐயா. ஆபரேஷனுக்கு முந்தி எனக்கும் இது வெள்ளையாத்தான் தெரிஞ்சிச்சு." அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. தன் புதுக் கண்ணைப் பற்றிய ஆச்சரியத்தில்தான் சொன்னார்.

இத்தனை மாதமும் இரண்டு பேர் அந்த நீலத்துக்குள் உட்கார்ந்து, வெள்ளை வெளிச்சம் என்று ஒருமனதாகக் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் கேட்டார். "காரு லைட்டு என்ன கலரு?"

"நீங்க போடச் சொன்ன கலருதாங்க."

என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

"நீலம்பா."

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு சாப்பிட உட்கார்ந்தார். குழம்பில் உப்பு இல்லை என்று மட்டும் சொன்னார். காலையில் எனக்கு முன்பே எழுந்து, தலை வாரி, முன்வாசலில் தயாராக நின்றார். "சிரம்பானுக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. மண்டோருக்குத் தெரியறது கிராணிக்குத் தெரியாம இருக்கக் கூடாது."

முதலில் வலது கண்ணுக்குத்தான் அறுவை சிகிச்சை. இடது கண் பிறகு என்றார்கள். கட்டு அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடியும் வேண்டாம் என்றான நாளில், சாயங்காலம் அப்பா கார் சாவியைக் கேட்டார். அத்தானும் வந்திருந்தார். பழைய பல்புகளைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தார். அப்பா முன்வாசலில் நின்ற காருக்குள் ஏறி உட்கார்ந்து விளக்கைப் போட்டார். நாங்கள் கதவருகில் நின்றோம்.

ரொம்ப நேரம் பார்த்தார். கையால் இடது கண்ணை மூடினார். பிறகு வலது கண்ணை மூடினார். மறுபடியும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார்.

"இந்தக் கண்ணுல நீலம்," என்றார், எங்கள் பக்கம் திரும்பாமல். "இந்தக் கண்ணுல வெள்ளை."

"கழட்டிரவா மாமா?" என்றார் அத்தான்.

"எதுக்கு? இருக்கட்டும்." அப்பா கீழே இறங்கி அம்மாவின் அருகே வந்தார். முகத்தை உற்றுப் பார்த்தார். "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சிச்சு?"

"நீங்க லைட்ட மாத்திக்கிட்டு இருந்தப்ப" என்றார் அம்மா. சொல்லிவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார்.

கோயிலில் அவர் சொன்னது வேறு. நீல வெளிச்சம் கண்ணை உறுத்தாது, வண்டி ஓட்டுகிறவனுக்கு நல்லது, அதனால்தான் அதைத் தேடிப் போட்டதாக அடுத்த கூட்டத்தில் அவரே எடுத்துச் சொன்னார். யார் அவரிடம் விளக்கம் கேட்டார்கள் என்று தெரியவில்லை. ஒரு பையன் மட்டும் எழுந்தான்.

"அப்போ நாங்க லைட்டு போட்டப்ப ஏன் ஐயா ஏசுனீங்க?"

"நீங்க போட்டது காருக்கு அடியில. ரோட்டுல போறவன் பாக்குறதுக்கு. நான் போட்டது உள்ள."

பையன் உட்கார்ந்துவிட்டான். மண்டோர் பலமாகத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு கமிட்டி ஆட்கள் சிலர் மந்தினுக்குப் போய் அத்தானிடம் நீலம் கேட்டார்கள். கண்ணுக்கு நல்லதாமே என்றார்களாம். அத்தான் அவர்களைக் காருக்குள் உட்கார வைத்து, விளக்கைப் போட்டு, "என்ன கலரு தெரியுது?" என்று முதலில் கேட்பார். வெள்ளை என்று சொன்னவர்களுக்கு அவர் பூட்டிக் கொடுக்கவில்லை. சிரம்பானுக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லி அனுப்பினார்.