ஆடாத திரைக்கு நான் செய்த இரும்புப் பெட்டி

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பம்மலில் தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் பின்னால், மழை வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரே ஒரு வெல்டிங் மெஷினோடு பட்டறை போட்டேன். அந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக்கு கேட்டும் கிரில்லும் என் கை. திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மூன்று கம்பெனிகளுக்குக் கூரை ஏற்றியது நான். தாம்பரம் சானடோரியத்தில் ரயில் பாதையை ஒட்டி, எவனும் வேண்டாம் என்ற மனையில் மாடி வைத்து வீடு கட்டினேன். இன்ஜினியர் வரைந்த படத்தை விரித்தால் போதும், எங்கே தப்பு என்று சொல்லிவிடுவேன். ஒரே பெண், அவளை டிப்ளமோ படிக்க வைத்தேன்.

இவ்வளவும் செய்தவன் வீட்டு மாடியில் இன்று பூட்டுத் தொங்குகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணம் ஆகி மகளும் மாப்பிள்ளையும் என் மாடியில்தான் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு பேங்கில் வேலை. மகள் எஸ்டேட் கம்பெனிகளுக்கு மெஷின் பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பதாக ஏற்பாடு. வெளியே போகாமல் என் கண் முன்னாலேயே இருப்பாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

மானிட்டர் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனோம்.

"கேம்ஸ் ஆடவா சார், வேலை செய்யவா?" என்றார் கடைக்காரர்.

"வேலைக்குத்தான். டிராயிங்," என்றாள் மகள்.

இரண்டைக் காட்டினார். பதினைந்து அங்குலத்தில் கோடுகள் முடி மாதிரி மெலிசாகத் தெரிந்தன. பதினேழு அங்குலம் ஏதோ வீடியோ கேம் கடையில் இருந்து வந்தது. நிறம் கண்ணை அடித்தது.

"ஆட்டத்துக்கு இத அடிச்சிக்க ஆளே இல்ல. ஆனா எழுத்து கொஞ்சம் மங்கும் சார்," என்று மனிதர் நேர்மையாகத்தான் சொன்னார்.

நான் இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். இரும்பை எடை பார்த்து வாங்கியே பழகிய கை. சின்னது பொசுக்கென்று மேலே வந்தது. பெரியது இடுப்பைப் பிடித்தது.

"இதுலதான் சரக்கு கீது."

"அப்பா, இது கேட் இல்லப்பா."

"சும்மா இரும்மா. கனம் இல்லாத பொருள் எது நின்னுகீது?"

பெரியதே வீட்டுக்கு வந்தது. மாடியில் வைத்து அவள் ஒரு நேர்கோடு போட்டாள். தாம்பரம் வண்டி போயிற்று. கோடு புழு மாதிரி நெளிந்தது. வண்டி கடந்ததும் நின்றது. அடுத்த வண்டி வந்தது. நாள் முழுக்க இதே கதை. நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைக்காரரைக் கேட்டால், "கரண்ட் லைன் பக்கத்துல எல்லாமே ஆடும் சார், பெருசு இன்னும் ஆடும்," என்றார்.

"கீழ்க்கட்டளையில வீடு பார்க்கலாம். அங்க ரயில் இல்ல," என்றார் மாப்பிள்ளை.

ஒரு மாதம் பொறுங்கள் என்று கேட்டேன்.

பழைய ஸ்பீக்கர் காந்தத்துக்கும் ஒரு ஆணிக்கும் நடுவில் கனமான தகட்டை வைத்துப் பார்த்தேன். ஆணி அசையவில்லை. ரயில் கரண்ட் லைனிலிருந்து வருவதும் இப்படிக் காந்த இழுப்புதான் என்றால் இரும்புக்குள் வராது. மானிட்டர் நுழைகிற மாதிரி ஒரு பெட்டி வெல்டிங் செய்து மாட்டினேன். ஆட்டம் பாதி குறைந்தது. ஆனால் திரை மூலையில் ஊதா நிறத்தில் கறை.

"என்னப்பா, கத்திரிக்காய் காய்ச்சிருக்கு?" என்று சிரித்தாள். அந்த மாடியில் அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

வெல்டிங் அடித்த மூலையில் ஆணியை வைத்தேன். ஒட்டிக்கொண்டது. வெல்டிங்கே அந்த இடத்தைக் காந்தமாக்கியிருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். மறுபடி செய்தேன். வெல்டிங் கிடையாது. தகட்டை மடித்து, இரண்டு அடுக்கு, நடுவில் ஒரு விரல் இடைவெளி, பித்தளை போல்ட். மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். வண்டி வந்தது, போயிற்று. கோடு அசையவில்லை.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சூப்பரா வந்திருக்குப்பா," என்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். கீழ்க்கட்டளை வீட்டுச் சாவி அப்போதே மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இருந்தது. மானிட்டரை எடுத்துப் போனார்கள். பெட்டியை விட்டுப் போனார்கள்.

அடுத்த வருஷம் குரோம்பேட்டை ஸ்டேஷனை ஒட்டிய கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் பன்னிரண்டு மானிட்டர் ஆடுகிறது என்று ஒருவர் பட்டறைக்குப் படம் கொண்டுவந்தார். விரித்தேன். இரண்டு அடுக்கு, ஒரு விரல் இடைவெளி, பித்தளை போல்ட். பழக்கத்தில் கண் கீழ் மூலைக் கட்டத்துக்குப் போயிற்று. வரைந்தவர் என்ற இடத்தில் என் மகள் பெயர். வடிவமைத்தவர் என்ற இடத்தில் மாப்பிள்ளை பெயர். ஸ்பேனரைக் கையால் தொடாத மனிதர்.

கீழ்க்கட்டளைக்குப் போய்க் கேட்டேன்.

"அந்த இடத்துல டிகிரி படிச்சவங்க பேருதாம்ப்பா போடணும். மூணாங் கிளாஸ்னு போட முடியுமா?" என்றாள் மகள்.

கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். பன்னிரண்டு பெட்டியும் செய்து கொடுத்தேன். படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இப்போது அவள் தீபாவளிக்கு வருகிறாள், மத்தியானமே கிளம்பிவிடுகிறாள். மாடி மேஜையில் அந்தப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. மானிட்டரைத் தப்பாக எடுத்தவன் நான்தான், அதை எந்தப் பேப்பரில் வேண்டுமானாலும் எழுதட்டும். ஆனால் பெட்டியும் நான் செய்ததுதான். அந்தப் படம் அவளிடம் இருக்கும். மாப்பிள்ளை பெயரை அடித்துவிட்டு, வடிவமைத்தவர் கட்டத்தில் அவள் என் பெயரை எழுத வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். போய்ப் பார்ப்பேன்.