கும்பிடு போடும் சைக்கிள்

போன மாதம் ஊரே என்னைத் தேர்தலில் நிறுத்திவிட்டது. நான் செய்த தப்பு ஒன்றுதான்... சைக்கிளில் போனேன்.

எனக்கு வாலாஜாபாத் ரைஸ் மில்லில் வேலை. காவாந்தண்டலத்திலிருந்து ரோடு பைக் என்கிற ரேஸ் சைக்கிளில் போய் வருகிறேன். ஹேண்டிலை அழுத்திப் பிடித்தே விரல் மரத்துவிடும். எதிர்காற்று வேறு. ஏரோ பார் மாட்டினேன். ஹேண்டிலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்பு. முழங்கை வைக்கச் சின்ன மெத்தை. படுத்த மாதிரி போகலாம். கை வலி போச்சு. வேகமும் கூடியது.

ஒரு சிக்கல். இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் சேர்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால்... கும்பிடு!

வார்டு மெம்பர் தேர்தல் நேரம். சும்மா விடுவார்களா?

டீக்கடைக்காரர் பதிலுக்குக் கும்பிட்டார். "இன்னாண்ணா, நிக்கிறியா?"

"நிக்கல. போய்க்கினு கீறேன்."

"சரி, இன்னா சின்னம்? சைக்கிளா?"

அந்த வார்டில் நிஜமாகவே நிற்பவன் ஏழுமலை. என் மனைவியின் தம்பி. சாயங்காலமே வந்துவிட்டான்.

"இன்னா மாமா, எனக்கு எதிரா கும்புட்டுக்கினு சுத்துறியாமே? போன தபாவே தோத்தேன். இந்த தபாவும் தோத்தா ஊருல தல காட்ட முடியாது."

மனைவி என் முன்னால் இருந்த சோற்றுத் தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"அது கும்புடு இல்ல மச்சான். ஏரோ பார்."

"பாருக்கு வேற போறியா?" என்றாள் மனைவி.

பேசிப் பயனில்லை. காலையில் சைக்கிளையே காட்டினேன். ஏழுமலை ஏறிப் படுத்துப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"மாமா, இதுலயே போய் ஓட்டு கேக்கறேன்!"

"பிரேக் கொம்புல இல்ல. பழைய ஹேண்டில்ல கீது. கும்புட்டா எட்டாது."

"எலெக்‌ஷன்ல எவன் மாமா பிரேக் புடிக்கிறான்?"

போனான். இரண்டு தெரு கும்பிட்டபடியே போனான். மூன்றாவது தெரு வளைவில், ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தது. நேராக நெல்லுக்குள் போனான். நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் பாதத்தில் குப்புற விழுந்தான்.

அந்தம்மா பதறிவிட்டார். "எந்திரி நைனா! ஓட்டு போடறேன்... அதுக்குன்னு இப்படியா வந்து கால்ல வுழுவ?"

தெருவே பார்த்தது. பணிவான பிள்ளை என்று பேச்சாகிவிட்டது. ஏழுமலை ஜெயித்துவிட்டான்.

எனக்குச் சோறு திரும்பி வந்தது. சைக்கிளும் வந்தது — மெத்தைக்குள் இன்னும் நெல் இருக்கிறது.

ஏரோ பார் நல்ல சாமான்தான். நீங்களும் மாட்டிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும் — கும்பிடுகிற கைக்குப் பிரேக் எட்டாது.